பித்தநாளத்துக்குள் எந்தக் கருவியால் பார்ப்பது? கொலாஞ்சியோஸ்கோப்புகளின் படத்தரம்: ஓர் ஒப்பீடு

கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பித்தநாளத்தில் ஒரு குறுகல் இருக்கிறது. எம்.ஆர்.சி.பி. எனும் காந்த அதிர்வுப் படம் எடுத்தாயிற்று, ஈ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் வழியாக நாளத்தில் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பது) செய்து, சிறு தூரிகையால் செல்களைச் சுரண்டி எடுத்தும் பார்த்தாயிற்று. அது புற்றுநோயா, பழைய அழற்சி விட்டுச் சென்ற தழும்பா என்பது மட்டும் இன்னும் தெளியவில்லை. இந்நிலையில் நாளத்துக்குள்ளேயே கொலாஞ்சியோஸ்கோப் எனும் மெல்லிய கேமராக் கருவியைச் செலுத்தி நேரில் பார்ப்பது என்று முடிவாகும்போது, எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி உடனே எழுகிறது. பெரும்பாலும் இக்கேள்வி, எந்தக் கருவியின் படம் அதிகத் தெளிவாக இருக்கிறது என்ற அளவிலேயே பேசி முடிக்கப்படுகிறது. அது போதாது என்பது என் உறுதியான கருத்து. இன்று கிடைக்கும் கருவிகளில் மிகச் சிறந்த படத்தைத் தருவது எதுவோ, அதுவே பார்க்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர மிகவும் சிரமப்படும் கருவியாகவும் இருக்கிறது. எனவே படத்தரத்தை, அந்தப் படத்தைக் கொண்டு எடுக்கப்போகும் முடிவோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

ஈ.ஆர்.சி.பி.யின்போது நாம் காண்பது நாளத்தை அல்ல, அதற்குள் செலுத்தப்பட்ட எக்ஸ்ரே சாயத்தின் நிழலை. குறுகலின் நீளமும் விளிம்பின் ஒழுங்கின்மையும் அதில் தெரியும். உட்படலத்தின் நிறமோ, இரத்தக்குழாய்களின் போக்கோ, மேற்பரப்பின் நுண்ணிய முளைப்புகளோ தெரியா. அந்த நிழலை வழிகாட்டியாகக் கொண்டு எடுக்கப்படும் தூரிகைச் சோதனை, புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினரிடம் மட்டுமே அதைக் கண்டுபிடிக்கிறது என்றும், அதே முறையில் எடுக்கப்படும் பயாப்சியும் (திசுத் துண்டுச் சோதனை) 48 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றும், இரண்டையும் சேர்த்தால்கூட 60 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது என்றும், பல ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது. நேரடிப் பார்வைக்கான தேவை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

நாளத்துக்குள் செலுத்தும் நுண் அல்ட்ராசவுண்ட் கருவியையும் சிலர் இந்த ஒப்பீட்டில் சேர்ப்பதுண்டு. 20 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் அக்கருவி, நாளச் சுவரின் அடுக்குகளையும் கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது என்பதையும் காட்டும். மேற்பரப்பை அது காட்டாது. ஆகவே அது துணைக் கருவியே தவிர, கொலாஞ்சியோஸ்கோப்புக்கு மாற்று அல்ல.

படத்தரம் என்பதில் என்னென்ன அடங்கும்

படத்தரம் என்றதும் பிக்சல் எண்ணிக்கையே முதலில் நினைவுக்கு வருகிறது. அது முக்கியம்தான், ஆனால் பித்தநாளம் வயிற்றைப் போன்ற விரிந்த அறை அல்ல. பொதுப் பித்தநாளத்தின் இயல்பான அகலமே 6 அல்லது 7 மி.மீ. வரைதான், கல்லீரலின் வாயிலில் பிரியும் கிளைகள் அதைவிடவும் ஒடுங்கியவை. இவ்வளவு சிறிய குழாயில் லென்ஸ் எப்போதும் சுவரை ஒட்டியே நிற்கிறது. எனவே மிக அருகிலுள்ளதையும் குழப்பமின்றிக் குவிக்கும் திறன், பார்வைக் கோணத்தின் அகலம், ஈரமான சுவரில் விளக்கொளி பட்டுத் தெறிக்கும் கண்கூச்சத்தை அடக்கும் ஆற்றல், கருவியின் நுனியை நினைத்த திசைக்குத் திருப்பி அங்கேயே அசையாமல் நிறுத்தும் வசதி ஆகியவை பிக்சலுக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் பெறுகின்றன. நுனியைக் குறுகலின் நடுவில் நிறுத்த முடியாத கருவியில் எத்தனை லட்சம் பிக்சல் இருந்தாலும், திரையில் தெரிவது ஒரு பக்கச் சுவரின் மங்கலான செம்மை மட்டுமே.

நோக்கத்தைப் பொறுத்தும் தேவை மாறுகிறது. பெரிய பித்தக்கல்லை உடைப்பதே நோக்கமென்றால், கல்லும் லேசர் இழையின் அல்லது மின்அதிர்வுக் கம்பியின் நுனியும் ஒரே காட்சியில் தெளிவாகத் தெரிந்து, அந்த நுனி சுவரைத் தொடாமல் கல்லை நோக்கியே நிற்கிறது என்பது உறுதியானால் போதும். இதற்கு நடுத்தரமான படமே தாராளம். குறுகலின் தன்மையை அறிவது அப்படிப்பட்டதன்று. பருத்தும் நெளிந்தும் திடீரென முறிந்தும் ஓடும் இரத்தக்குழாய்கள், விரல்போல் நீளும் முளைப்புகள், சிறு புண்கள், முடிச்சு முடிச்சான பரப்பு ஆகியவற்றைத் தேட வேண்டியிருப்பதால் இங்கே படம் நுணுக்கமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது, கட்டி உட்படலத்தில் பக்கவாட்டாக எதுவரை பரவியிருக்கிறது என்று எல்லை குறிப்பது. அறுவை மருத்துவர் எந்த இடத்தில் வெட்டுவது, கல்லீரலின் எந்தப் பகுதியை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்பதை அந்த எல்லையைக் கொண்டே தீர்மானிப்பார். அங்கே மங்கலான படம் நோயாளிக்கு உண்மையான இழப்பாக முடியக்கூடும்.

கருவிகள்

வாய்வழியாகப் பித்தநாளத்தைப் பார்க்கும் முயற்சி 1970-களில் தொடங்கியது. தாய்-சேய் முறை என்று அழைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டில், முன்சிறுகுடல் வரை செல்லும் பெரிய டியோடினோஸ்கோப்பின் வழியாக, மெல்லிய இன்னொரு ஸ்கோப் நாளத்துக்குள் நுழைந்தது. இரண்டையும் இயக்க இரண்டு மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். படம் கண்ணாடி இழைக் கற்றை வழியாக வந்ததால், ஒவ்வோர் இழையும் ஒரு புள்ளியாகி, சல்லடைக்குப் பின்னிருந்து பார்ப்பதுபோன்ற காட்சியே கிடைத்தது. ஓர் இழை முறிந்தால் திரையில் ஒரு கரும்புள்ளி நிரந்தரமாகத் தங்கிவிடும். 2007-இல் பரவலான பயன்பாட்டுக்கு வந்த முதல் ஸ்பைகிளாஸ் கருவி, ஒரே மருத்துவர் இரண்டையும் இயக்கலாம் என்ற பெரும் வசதியைக் கொண்டுவந்தது. நுனியை நான்கு திசைகளிலும் திருப்பவும் அது இடம் தந்தது. ஆனால் அதிலும் படம் சுமார் 6,000 இழைகள் கொண்ட கற்றை வழியாகவே வந்தது. கல் உடைப்பதற்கு அது போதுமானதாக இருந்தது. குறுகலின் இயல்பைத் துணிந்து சொல்வதற்குப் போதவில்லை. இன்று புதிதாகத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் இழைக்கற்றைக் கருவிகளைக் கருத்தில் கொள்ளத் தேவையில்லை.

2015-இல் வந்த ஸ்பைகிளாஸ் டி.எஸ். இந்த நிலைமையை மாற்றியது. இழைக்கற்றை நீங்கி, நுனியிலேயே ஒரு சிறு டிஜிட்டல் உணரி அமர்ந்தது. முந்தையதைப்போல நான்கு மடங்கு நுணுக்கமும் 60 சதவீதம் அகன்ற பார்வையும் கிடைப்பதாகத் தயாரிப்பாளர் அறிவித்தார். 2018-இல் வந்த அடுத்த வடிவத்தில் நுணுக்கம் மேலும் கூட்டப்பட்டு, ஒளித் தெறிப்பைக் குறைக்கும் வகையில் விளக்கும் திருத்தப்பட்டது. இந்த வகைக் கருவிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி அகற்றப்படுபவை. ஏறத்தாழ 3.5 மி.மீ. தடிமன், சிறு கருவிகளைச் செலுத்துவதற்கான 1.2 மி.மீ. வேலைக் குழல், நான்கு திசைத் திருப்பம், தனியான நீர்வழி ஆகியவற்றால், ஒடுங்கிய நாளங்களுக்குள்ளும் இக்கருவி ஓரளவு நம்பிக்கையோடு போகிறது. வழக்கமான வயிற்று எண்டோஸ்கோப்பின் உயர்தரப் படத்தோடு வைத்துப் பார்த்தால் இதன் படம் இன்னும் ஒரு படி கீழேதான். ஆயினும் ஒவ்வொரு முறையும் புதிய உணரி, புதிய லென்ஸ் என்பதால், பலமுறை கழுவித் தேய்ந்த கருவியில் காணும் மங்கல் இதில் கிடையாது. இன்று கண்ட தரம் அடுத்த நோயாளிக்கும் அப்படியே கிடைக்கும் என்ற இந்த உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வீடியோ தாய்-சேய் ஸ்கோப்புகள் படத்தில் இதைவிட மேலானவை. அவற்றின் சிறப்பு, குறுகிய அலைவரிசை ஒளியில் பார்க்கும் வசதி. 415 நானோமீட்டர் நீல ஒளியையும் 540 நானோமீட்டர் பச்சை ஒளியையும் ஹீமோகுளோபின் வலுவாக உறிஞ்சுவதால், உட்படலத்தின் நுண்குழாய்கள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகின்றன. கட்டியின் பரவல் எல்லையைக் குறிக்க இது பெருந்துணை. ஆனால் அதே ஒளியில் பித்தநீர் இரத்தம்போலச் சிவந்து தெரிவதால், நாளத்தை நன்றாகக் கழுவாமல் இந்த ஒளிக்கு மாறுவதில் பயனில்லை. பரவலாகப் பயன்பட்ட இவ்வகை ஸ்கோப்புகளின் நுனி மேலும் கீழும் என இரு திசைகளில் மட்டுமே திரும்பும். டியோடினோஸ்கோப்பின் நுனியில், உள்ளே செலுத்தும் கருவியை உயர்த்தித் திருப்பும் தூக்கியின் மேல் வளையும் இடத்தில் அவை எளிதில் சேதமடைகின்றன. பயிற்சி பெற்ற இருவர் கூடி வேலை செய்யவும் வேண்டும். அத்தகைய இணை இருக்கும் மையங்களில் இது அருமையான கருவி. அது இல்லாத இடத்தில் வாங்கி வைத்தால், பெரும்பாலான நாட்கள் அலமாரியில்தான் இருக்கும்.

மூன்றாவது வழி, மிக மெல்லிய வயிற்று எண்டோஸ்கோப்பையே வாய்வழியாக நேரே பித்தநாளத்துக்குள் செலுத்துவது. படத்தரத்தை மட்டும் வைத்துப் பரிசு கொடுப்பதென்றால் முதலிடம் தயக்கமின்றி இதற்கே. உயர்நுணுக்க உணரியும் குறுகிய அலைவரிசை ஒளியும் இதில் உண்டு. வேலைக் குழல் 2 மி.மீ. அகலமுள்ளதால், திசுவைக் கவ்வி எடுக்கும் குறடு, மற்றக் கருவிகளில் உள்ள 1 மி.மீ. அளவைவிடப் பெரிதாக இருக்கலாம்; அதனால் கனமான திசுத் துண்டை எடுக்கலாம். ஒரே மருத்துவர் இயக்கலாம். ஆனால் இந்த ஸ்கோப்பின் தடிமன் 5 முதல் 6 மி.மீ. வரை இருப்பதால், நாளம் ஏற்கெனவே 8 அல்லது 10 மி.மீ. அளவுக்கு விரிந்திருக்க வேண்டும். அதன் வாயிலிலுள்ள சுருக்குத்தசையும் பெரிதாக வெட்டியோ விரித்தோ இருக்க வேண்டும். அப்படியிருந்தும், தாங்குவதற்குத் தாய் ஸ்கோப் இல்லாததால், வயிற்றிலும் முன்சிறுகுடலிலும் அது வளையமிட்டு வெளியே நழுவிவிடுகிறது. வழிகாட்டிக் கம்பியோ, நாளத்துக்குள் ஊன்றும் பலூனோ துணையாக வேண்டியிருக்கிறது. குறுகலுக்கு மேலே, கல்லீரலுக்குள் செல்லும் கிளைகளுக்கு இது பெரும்பாலும் எட்டுவதில்லை. ஓர் ஆபத்தையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: நாளத்தை விரிக்கக் காற்றைச் செலுத்தினால், அது சேதமுற்ற உட்படலத்தின் வழியே சிரைகளுக்குள் புகுந்து உயிரைப் பறிக்கக்கூடிய வாயு அடைப்பை உண்டாக்கலாம், அவ்வாறு நிகழ்ந்தும் இருக்கிறது. இம்முறையில் காற்றைப் பயன்படுத்தவே கூடாது. உப்புநீரோ, மிக அளவான கார்பன் டை ஆக்சைடோதான் பயன்பட வேண்டும். வாயு நிரப்பிய நாளத்தில் படம் கண்ணைப் பறிக்கும் தெளிவோடு இருக்கும் என்பது உண்மை. அந்தத் தெளிவுக்காகக் காற்றை நாடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வயிற்றுச் சுவர் வழியாகக் கல்லீரலைத் துளைத்து, அந்தப் பாதையைப் படிப்படியாக விரித்துச் செலுத்தும் முறையும் உண்டு. ஸ்கோப் குட்டையாகவும் பாதை நேராகவும் இருப்பதால் கட்டுப்பாடும் படமும் சிறப்பாக அமைகின்றன. பாதை முதிர நாட்கள் பிடிக்கும், இரத்தக்கசிவு அபாயமும் உண்டு என்பதால், குடல் மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களுக்கும், கல்லீரலுக்குள்ளேயே கற்கள் நிறைந்தவர்களுக்கும், வாய்வழி வாய்ப்பு அறவே இல்லாதவர்களுக்கும் மட்டுமே இது பொருந்தும்.

நாளத்துக்குள் உருவாகும் தரம்

கருவியின் விவரத்தாளில் இல்லாத ஒரு பகுதி, படத்தரத்தில் ஏறக்குறைய பாதியைத் தீர்மானிக்கிறது. பித்தநீர், சீழ், இரத்தம், கல்தூள், எக்ஸ்ரே சாயம் ஆகியவை லென்ஸுக்கும் சுவருக்கும் இடையில் கலங்கலாக நிற்கும்போது, எந்தக் கருவியின் படமும் ஒன்றுபோலவே கெட்டுப்போகிறது. குறிப்பாகச் சாயம் அடர்த்தியானது. உப்புநீரோடு எளிதில் கலக்காமல் இழை இழையாக மிதக்கும். எனவே பார்வைதான் முதன்மை நோக்கம் என்று தெரிந்தால், சாயத்தை முடிந்தவரை குறைத்து, ஸ்கோப்பை முதலில் உள்ளே விட்டுப் பார்த்துவிடுவதே நல்லது.

கழுவுவதற்கும் எல்லை உண்டு. நீரைச் செலுத்தும் வேகத்துக்கு ஈடாக வெளியே எடுக்காவிட்டால் நாளத்தின் உள்ளழுத்தம் ஏறி, அங்கிருக்கும் கிருமிகள் இரத்தத்துக்குள் தள்ளப்படும். பித்தநாள அழற்சி இந்தப் பரிசோதனையின் முக்கியமான பக்கவிளைவுகளில் ஒன்று. எல்லாச் சிக்கல்களையும் சேர்த்து ஏறத்தாழ 7 சதவீதம் என்று திரட்டாய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. ஆகவே முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பதும், செலுத்துவதோடு உறிஞ்சி எடுப்பதையும் சேர்த்தே செய்வதும் அவசியம். நீர் செலுத்தும் வழியும் உறிஞ்சும் வழியும் தனித்தனியாக உள்ள கருவிக்கு இந்த இடத்தில் கிடைக்கும் அனுகூலம், கூடுதல் பிக்சல்களால் கிடைப்பதைவிடப் பெரிது.

அடைப்பைத் திறந்துவைக்க நாளத்துக்குள் முன்பே வைத்த ஸ்டென்ட் எனும் சிறு குழாயும் படத்தைக் கெடுக்கும். ஒளியை மறைத்து அல்ல, திசுவையே மாற்றி. ஸ்டென்ட் உராய்ந்த இடம் சிவந்து, வீங்கி, முளைவிட்டு, புற்றுநோயைப் போலவே தோன்றும். காமாலையைத் தணிக்க ஸ்டென்ட் வைக்கும் முன்பே நேரடிப் பார்வையை முடித்துவிடும் வாய்ப்பிருந்தால், எளிய கருவியாலும் நம்பத்தக்க படம் கிடைக்கும். மாதக்கணக்கில் ஸ்டென்ட் இருந்த நாளத்தில் மிகச் சிறந்த கருவியும் ஐயத்தையே காட்டும்.

படமும் தீர்ப்பும்

படம் தெளிவாகிவிட்டால் நோயறிதலும் தெளிவாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அவ்வளவு நேராக இல்லை. இழைக்கற்றைக் கருவிகளின் காலத்தில், ஒரே காட்சிப்பதிவைப் பார்த்த வல்லுநர்கள் ஒருவரோடொருவர் பெரிதும் முரண்பட்டார்கள். டிஜிட்டல் கருவிகளுக்கென எட்டு அடையாளங்கள் கொண்ட மொனாக்கோ வகைப்பாடு போன்ற ஒழுங்குகள் வந்தபின் உடன்பாடு கூடியிருக்கிறது. எனினும் முழு ஒற்றுமை இன்னும் தொலைவிலேயே உள்ளது. பருத்து நெளியும் இரத்தக்குழாய்கள் புற்றுநோயின் அடையாளம் என்கிறோம். ஐஜிஜி4 எனும் எதிர்ப்புப் புரதத்தோடு தொடர்புடைய, புற்றுநோயல்லாத பித்தநாள அழற்சியிலும் அத்தகைய குழாய்கள் தெரிகின்றன. நாளங்களைத் தழும்பாக்கும் நாட்பட்ட அழற்சி நோய் உள்ளவர்களிடம் குழப்பம் இன்னும் மிகுதி.

ஆகவே நல்ல படத்தின் முதன்மைப் பயன், திசுவை எடுக்கும் குறடு எங்கே கவ்வ வேண்டும் என்று காட்டுவதே என்று கருதுகிறேன். டிஜிட்டல் ஒற்றை இயக்குநர் கருவியின் (ஸ்பைகிளாஸ் டி.எஸ். போல ஒரே மருத்துவர் இயக்குவது) உதவியோடு பார்த்து எடுத்த பயாப்சியையும் வழக்கமான தூரிகையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2020-இல் வெளியான சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வில், முதல் மாதிரியிலேயே புற்றுநோயைக் கண்டறியும் திறன் முந்தையதில் 68 சதவீதமாகவும் பிந்தையதில் 21 சதவீதமாகவும் இருந்தது. கண்ணால் மட்டும் கண்டறியும் திறன் அதே கருவியில் 95 சதவீதத்தைத் தொட்டது. கண் அதிகமாகப் பிடிக்கிறது, ஆனால் சில வேளைகளில் நோயில்லாத இடத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. குறடு குறைவாகப் பிடிக்கிறது, பிடித்தால் அநேகமாகத் தவறுவதில்லை. பெரிய அறுவையை முடிவுசெய்யும்போது இரண்டும் வேண்டும். பயாப்சி நோயில்லை என்று வந்தும் படம் அஞ்சத்தக்கதாக இருந்தால், நோயாளியை விடுவித்துவிடாமல் திரும்பப் பார்க்க வேண்டும்.

எதைத் தேர்வது

தன்மை தெரியாத குறுகல்களே பெரும்பான்மையாக வரும் ஒரு மையம், ஒரே கருவியை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமென்றால், அது டிஜிட்டல் ஒற்றை இயக்குநர் கருவியாகவே இருக்க வேண்டும். அதன் படம் எல்லாவற்றிலும் சிறந்தது அல்ல. ஆனால் ஒடுங்கிய நாளத்திலும், கல்லீரல் வாயிலின் கிளைகளிலும், குறுகலின் நடுவிலும் நின்று பார்க்க அதுவே மற்றவற்றைவிட அதிகம் கைகொடுக்கிறது. போய்ச் சேராத கருவியின் உயர்ந்த படத்தைவிட, சேர்ந்த கருவியின் போதுமான படம் நோயாளிக்கு உதவும்.

நாளம் நன்கு விரிந்து, ஐயத்துக்குரிய இடம் கீழ்ப்பகுதியில் இருந்து, சுருக்குத்தசையும் முன்பே வெட்டப்பட்டிருந்தால், மெல்லிய எண்டோஸ்கோப்பை நேராகச் செலுத்துவது மேலான தேர்வு. சளி சுரக்கும் முளைக்கட்டிகள் நாளத்தை விரித்துவிடுவதால், அவற்றின் எல்லையை அறியவும் இது நன்கு பொருந்தும். பரவல் எல்லையைக் குறிப்பதே அன்றாட வேலையாக உள்ள, அறுவைப் பிரிவோடு நெருங்கி இயங்கும் மையங்களுக்கு வீடியோ தாய்-சேய் ஸ்கோப் இன்றும் தகுதியானதே.

ஒருமுறைக் கருவியா, பலமுறைக் கருவியா என்பதில் செலவோடு சுத்திகரிப்பையும் பார்க்க வேண்டும். டியோடினோஸ்கோப்புகளின் நுனியில் தங்கிய, மருந்துக்கு அடங்காத கிருமிகளால் தொற்றுப் பரவல்கள் நிகழ்ந்து, 2015-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. 1 மி.மீ.யை ஒட்டிய குழலைக் கழுவுவது அதைவிட எளிதன்று. சுத்திகரிப்புக்குத் தனி ஆளும் நேரமும் உறுதியாக இல்லாத மையம் பலமுறைக் கருவியை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும் முன் கருவியை மதிப்பிடுபவர்கள், விற்பனையாளர் காட்டும் நிலைப்படங்களை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அவை கழுவித் தெளிந்த நாளத்தில், நுனி நடுவில் நின்ற ஒரு நொடியில் எடுக்கப்பட்டவை. ஸ்கோப் நாளத்துக்குள் நுழைந்த கணத்திலிருந்து வெளியேறும் வரை வெட்டாமல் பதிவான காட்சியைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்: கலங்கல் விலக எவ்வளவு நேரமாகிறது, குறடு உள்ளே போனபின் நுனி இன்னும் திரும்புகிறதா, குறடு குழலை அடைத்திருக்கும்போது நீர் ஓடுகிறதா, அசைவில் படம் சிதைகிறதா என்பனவெல்லாம் அதில்தான் தெரியும். கூடவே, பதிவுக் கருவி திரையில் கண்ட நுணுக்கத்தை அப்படியே சேமிக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். வெட்டும் எல்லையைத் தீர்மானிக்கப்போகும் அறுவை மருத்துவர் பரிசோதனை அறையில் இருப்பதில்லை, அவர் பார்க்கப்போவது அந்தப் பதிவை மட்டுமே.